ஜெர்மன் துப்பாக்கியின் இடது பக்கம்

அந்தத் துப்பாக்கி ஒன்றுக்கும் ஆகாத பழைய இரும்பு என்று யாராவது சொல்லிவிட வேண்டும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டேதான் அன்று காலை போபோடியில் மெட்ரோ ஏறினேன். இதெல்லாம் ஜெபம் பண்ணுகிற விஷயமா என்று ஆண்டவரே கேட்டிருப்பார். கேட்கட்டும். எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தாத்தா உலக யுத்தத்தில் இத்தாலியில் ராணுவ லாரி ஓட்டியவர். திரும்பி வரும்போது ஒரு ஜெர்மன் கைத்துப்பாக்கியோடு வந்தார். எப்படிக் கிடைத்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கதை சொல்லியிருக்கிறார். சரணடைந்த அதிகாரி தானாகவே கையில் கொடுத்தான் என்று ஒருவரிடம். ஒரு மூட்டைச் சர்க்கரைக்கு மாற்றினேன் என்று இன்னொருவரிடம். எது நிஜமோ, அவருக்கே வெளிச்சம். அதற்கு முறையாக லைசென்ஸ் வாங்கிக்கொண்டு இந்த வடக்கத்தி ஊரில், கட்கியில் குடியேறினார். அவருக்குப் பிறகு லைசென்ஸ் அப்பா பெயருக்கு வந்தது. அப்பா கட்கியில் ஃபாக்டரி வேலை. அந்தத் துப்பாக்கியால் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை வெளியே எடுப்பார், திரும்ப உள்ளே வைப்பார்.

இந்த வருஷம் மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். லைசென்ஸ் வைத்திருந்தவர் போய்விட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது, அது சட்டம். கேம்ப் பகுதியில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தோம். அதற்குப் பிறகு இரண்டே வழி. வாரிசுகளில் ஒருவர் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்க வேண்டும், மற்றவர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் விற்க வேண்டும். வாரிசு என்று இருப்பது நானும் என் அண்ணனும்தான்.

அண்ணன் கோந்த்வாவில் பெரிய பிளாட்டில் இருக்கிறான். நல்லவன்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் எந்தச் சாமானைப் பார்த்தாலும் இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பான். எனக்குக் கல்யாணமான புதிதில் என் வீட்டு ஷோகேஸைப் பார்த்து அப்படிக் கேட்டவன். அப்பாவுக்காக வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்த அன்று, எல்லோரும் போன பிறகு, டீ குடித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"ஏட்டி, அந்தத் துப்பாக்கிய வித்துருவோம். கமிஷனர் ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் யாரு அலைய? உலக யுத்த காலத்து ஜெர்மன் மால். நல்ல வெல போவும்."

அப்பா பைபிள் அவன் வீட்டுக்குப் போயிருந்தது. அப்பா கைக்கடிகாரம் அவன் மகனுக்குப் போயிருந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏனென்றால் எனக்கு வேண்டியது இந்த ஒன்றுதான். "அது எனக்கு வேணும்ணே" என்று கேட்டிருந்தால் அப்போதே கொடுத்திருப்பான். கேட்கிற ஆளா நான்? சுருக்கென்று கோபம் வந்துவிட்டது, வாய் வேறு எதையோ சொன்னது.

"வெலயா? ஒரு மண்ணும் போவாது. பேரீச்சம்பழத்துக்குப் போடுத இரும்பு அது."

"அப்படியா? செரி. வெவரம் தெரிஞ்ச ஆள்ட்ட காட்டுவோம். சேகரிக்கிறவன் எடுத்துக்குற சாமான்னு அவன் சொன்னா விக்கோம். பேரீச்சம்பழத்துக்குத்தாம்னா நீயே வச்சுக்கோ. டீக்?"

"டீக்" என்று நானும் ஒத்துக்கொண்டேன். எல்லாம் வாய்க்கொழுப்பு. இப்போது அந்த வாய்க்கொழுப்புக்குத்தான் மெட்ரோவில் உட்கார்ந்து ஜெபம்.

கடை வாசலில் அண்ணன் காத்துக்கொண்டிருந்தான். உள்ளே நுழைந்ததும் ஒரு வாசனை அடித்தது பாருங்கள், அப்படியே நின்றுவிட்டேன். கடைக்காரர் ஒரு பார்சிப் பெரியவர். வாசலில் மாட்டுகிற பித்தளைப் பலகையைக் கழற்றிக் கவுண்டர் மேல் வைத்து, டப்பாவிலிருந்து பாலிஷ் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் முதல் வேலை அதுதானாம். பித்தளை பாலிஷ் வாசனை என்றால் எனக்குக் கிறிஸ்மஸ்தான். கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை சர்ச்சுப் பித்தளை அத்தனையும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். மெழுகுவர்த்தித் தண்டு, காணிக்கைத் தட்டு, பீடத்துச் சிலுவை எல்லாம். சர்ச்சில் கோயில்குட்டி ஒருவர் சம்பளத்துக்கு இருந்தார். மணி அடிப்பது, கூட்டுவது, விளக்கேற்றுவது எல்லாம் அவர் வேலை. ஆனால் பித்தளை வெளக்குவதை மட்டும் அப்பா அவருக்கு விட்டுக்கொடுத்ததே இல்லை. தரையில் செய்தித்தாள் விரித்து, அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் உட்கார்ந்து, சாயங்காலம் வரை தேய்ப்போம்.

"என்னட்டி, உள்ள வா" என்று அண்ணன் முதுகில் தட்டினான்.

துப்பாக்கியைப் பார்த்து மதிப்புச் சொல்லக் கடைக்காரர் வரவழைத்திருந்தவர் கோயம்புத்தூர்க்காரர். நாற்பது வயது இருக்கும். ஹிஞ்ஜேவாடியில் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறு என்றால் சுடும் பயிற்சி மைதானம்தான் வீடு. பழைய துப்பாக்கி எது வந்தாலும் கடைக்காரர் இவரைத்தான் கூப்பிடுவாராம். தமிழ் என்று தெரிந்ததும் மூன்று பேருக்கும் பல்லெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"மொதல்லயே சொல்லீர்றனுங்க" என்றார். "எங்கிட்ட ஏற்கனவே ரெண்டு இருக்குது. அதுக்கு மேல வச்சுக்கச் சட்டத்துல எடமில்லீங்க. அதனால நான் வாங்கற ஆளில்ல. உள்ளத உள்ளபடி சொல்லீருவேன்."

உள்ளதை உள்ளபடியா?

கடைக்காரர் இரும்புப் பெட்டியைத் திறந்து எடுத்து வந்து, பச்சைத் துணி விரித்து வைத்தார். தோலுறைக்குள் அது தூங்கிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர்க்காரர் கையில் மெல்லிய உறை மாட்டிக்கொண்டார். எடுத்த எடுப்பில் துப்பாக்கியைத் தொடவில்லை. தோலுறையின் மூடியைத் தூக்கி, போன் டார்ச்சை உள்ளே அடித்தார்.

"அட சாமீ!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன தம்பி?"

"உறை ஒரிஜினலுங்க்கா. தையல் ஒண்ணுகூடப் பிரியல. உள்ளாற மசி முத்திரை இருக்குது பாருங்க. பக்கத்துல குட்டிப் பை தெரியுதுங்களா? அதுல குண்டு போடற உபரி மேகசின் இருக்கோணும். பெரும்பாலும் தொலைஞ்சு போயிருக்கும்." விரலை விட்டார். கறுப்பாக, தட்டையாக ஒன்று வெளியே வந்தது. "இருக்குதுங்க! இருக்குது!"

அவர் துள்ளியதைப் பார்த்து நானும் துள்ளினேன். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எதற்கு நான் சந்தோஷப்படுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. எங்கள் வீட்டுச் சாமானை ஒருவர் புகழ்கிறார், மனசு கேட்குமா?

துப்பாக்கியை உருவினார். குண்டு இல்லை என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு, இடது பக்கம் மேலே இருக்கும்படி பச்சைத் துணியில் கிடத்தினார். கருநீலம். நல்ல கத்திரிக்காய்த் தோல் மாதிரி ஒரு நிறம். அதன் மேல் ஜெர்மன் கம்பெனியின் பெயர் நேற்று வெட்டியதுபோல் இருந்தது. விசைக்குப் பின்னால் ஒரு பொடி எழுத்துக் கூட்டம். அவர் லென்ஸை என் கையில் கொடுத்தார்.

"பாருங்க்கா. கழுகு ஒண்ணு தெரியுதுங்களா? கீழ எண்ணு? ராணுவத்துக்குன்னு எடுக்கும்போது அவங்க அதிகாரி சரிபார்த்து அடிச்ச முத்திரைங்க. கடையில வித்த சாமானுக்கு இது இருக்காது. சேகரிக்கறவங்க இந்தக் கழுகுக்காகத்தான் அலையறாங்க."

பார்த்தேன். கடுகு அளவு கழுகு. இறகு இறகாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. ஒரு நாளும் நான் அதைப் பார்த்ததில்லை.

"அண்ணே, இங்க பாருண்ணே! எறகு தெரியுது! தம்பி, இன்னொரு தடவ அந்த லைட்ட அடிங்க."

எதற்கு வந்தேன், என்ன ஜெபம் பண்ணினேன் என்பதெல்லாம் சுத்தமாக மறந்துவிட்டது. இது என்ன, அது என்ன என்று அந்த மனிதரைக் கேள்வியாலேயே துளைத்துவிட்டேன். அவரும் சளைக்கவில்லை. மேல்மூடியைக் கழற்றினார். குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தவர் மறு கண்ணையும் வைத்துப் பார்த்தார்.

"உள்ள கண்ணாடிங்க்கா! துளிகூடத் துரு இல்ல. யாருங்க பார்த்துக்கிட்டது?"

"அப்பா" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "கொழல் எப்பவும் அப்பா பங்கு. வேற யாரையும் தொட விட மாட்டாவ."

அண்ணன் என் காதருகே குனிந்தான். "பேரீச்சம்பழம்?"

அவன் கையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அப்போதுதான் எனக்கு நினைவே வந்தது. ஐயோ, இந்த மனிதர் புகழப் புகழத் துப்பாக்கி என் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. பார்சிப் பெரியவர் முகத்தில் வேறு ஒரு கமிஷன் களை வந்துவிட்டது. ஆண்டவரே, ஒரு குறையாவது காட்டிக் கொடும்!

கோயம்புத்தூர்க்காரர் துப்பாக்கியைத் திரும்பப் பூட்டினார். மறுபக்கம் திருப்பினார்.

டார்ச்சை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தார்.

"என்னுங்க்கா இது?"

வலது பக்கம் பளபளவென்று வெள்ளிக் கிண்ணம்போல் இருந்தது. ஒரு பொட்டு நீலம் கிடையாது. கடையின் மின்விசிறி அதற்குள் சுற்றுவது தெரிந்தது. அந்தப் பக்கமும் ஒரு கழுகு இருக்க வேண்டுமாம். இருந்தது. மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. துப்பாக்கியின் வரிசை எண்ணை விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது.

"யாருங்க இப்படிப் பண்ணுனது?"

"நான்தான்!" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் ஒத்துக்கொண்டதில்லை.

அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை சர்ச்சுப் பித்தளை முடிந்ததும் அப்பா கடைசியாகத் துப்பாக்கியை எடுத்து வருவார். வருஷம் பிறக்கும்போது வீட்டில் அழுக்குப் படிந்த சாமான் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதே பாலிஷ், அதே துணி. குழல் அவருக்கு, வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் அண்ணனுக்கு. அந்தக் கருநீலத்தை நாங்கள் அழுக்கு என்றே நினைத்திருந்தோம். ராணுவக் கறை, யுத்தக் கறை என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். அதைப் போக்கத்தானே தேய்க்கிறோம்! கொஞ்ச நேரத்துக்கொரு தரம் குனிந்து கேட்பார்: "ஏட்டி, ஒன் மொகம் தெரியுதா?" முகம் தெரிகிற வரை நான் விட மாட்டேன். எனக்குப் பிடிவாதம் அதிகம். போன கிறிஸ்மஸ் வரைக்கும் ஒரு வருஷம் தப்பவில்லை.

"அழுக்கில்லீங்க்கா, அது பூச்சு!" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த நீலம் அங்க பட்டறையில ஏத்துனதுங்க. போனா போனதுதான். இப்ப புதுசா ஏத்துனா சேகரிக்கறவங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க."

பார்சிப் பெரியவருக்கு விஷயம் ஹிந்தியில் போய்ச் சேர்ந்தது. "அரே பாபா! பிராஸ் பாலிஷ்?" என்றவர், தன் கவுண்டரில் இருந்த டப்பாவை ஏதோ பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அப்ப பேரீச்சம்பழந்தானே தம்பி? சொல்லுங்க, சத்தமாச் சொல்லுங்க, எங்கண்ணன் காதுல விழட்டும்."

அவர் துப்பாக்கியை மறுபடி இடது பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார்.

"அப்படியும் சொல்ல முடியாதுங்க்கா. வலது பக்கத்தால மதிப்பு பாதிக்கும் கீழ போயிருச்சு. ஆனா இந்தப் பக்கம் இருக்குது பாருங்க, இப்படி ஒண்ணு நான் இந்த ஊர்ல பார்த்ததில்ல. கொல்கத்தாவுல ஒருத்தர் இருக்காருங்க. சேகரிக்கறதுக்குன்னே தனி லைசென்ஸோட, கண்ணாடிப் பெட்டியில வரிசையா வச்சிருப்பாரு. இடது பக்கத்த மேல வச்சுட்டா வலது பக்கம் யாருக்குத் தெரியும்? இந்த இடது பக்கத்துக்காகவே எடுத்துக்குவாருங்க. சேகரிக்கற சாமான்தானுங்க இது. சந்தேகமே இல்ல."

முடிந்தது. பந்தயம் போட்டவள் நான், தோற்றவள் நான். அண்ணன் கேலி பண்ணுவான் என்று பார்த்தேன். பண்ணவில்லை. "பேச்சுன்னா பேச்சுட்டி" என்றான், மெதுவாகத்தான்.

"ஆமா. பேச்சுன்னா பேச்சு" என்றேன். கொல்கத்தாவில் எவனோ ஒருவன் கண்ணாடிப் பெட்டியில் என் பக்கத்தைக் கீழே கவிழ்த்து வைக்கப் போகிறான்.

கோயம்புத்தூர்க்காரர் சாமான்களை உறையில் வைக்கப் போனவர் நிறுத்தினார். "ஒண்ணு மட்டும் வெளங்கலீங்க்கா. வலது பக்கத்த இந்தத் தேய் தேய்ச்சவங்க, இடது பக்கத்த எப்படி விட்டீங்க?"

அவர் கேட்டது என்னை. நான் சொன்னது அண்ணனைப் பார்த்து.

"அது இவன் பங்கு தம்பி. சின்னதுல இவன் தேச்சதெல்லாம் பேருக்கு. பேட்டத் தூக்கிட்டு ஓடிருவான். கல்யாணம் ஆனப்பொறவு அந்தச் சனிக்கெழம வரவே இல்ல. கிறிஸ்மஸ் அன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவான், கேக் வாங்கிட்டு. நான் எத்தன தடவ கேட்டுருப்பேன் தெரியுமா, அப்பா, அந்தப் பக்கத்தையும் குடுங்க, நானே தேச்சிருதேன்னு. தர மாட்டாவ. 'வையிட்டி, அது அவன் பங்கு, வருவான்' அம்பாவ. எண்ணெத் துணிய மட்டும் ஒத்தி எடுத்து உறையில வச்சிருவாவ. போன கிறிஸ்மஸ்லயும் அதேதான். எந்திரிக்க முடியல, நாற்காலிய வாசலப் பாக்கப் போடச் சொன்னாவ."

கத்திவிட்டேன் போலிருக்கிறது. பார்சிப் பெரியவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

அண்ணன் லென்ஸைக் கேட்டு வாங்கினான். குனிந்து அந்தக் கழுகைப் பார்த்தான். கம்பெனிப் பெயரைப் பார்த்தான். நீலத்தின் மேல் ஒரு விரலை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக இழுத்தான். "யாருமே எங்கிட்டச் சொல்லலயே" என்றான். எனக்குத் திட்ட வாய் வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

அவன் சட்டைக் கையை முழங்கை வரை மடித்தான். கவுண்டரின் அந்தக் கோடியில் இருந்த பாலிஷ் டப்பாவை இழுத்தான்.

முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. துணியை டப்பாவுக்குள் விட்டு எடுத்துத் துப்பாக்கியின் மேல் அவன் வைத்த பிறகுதான் மூன்று பேரும் ஒரே சமயத்தில் அலறினோம்.

"அண்ணா, அண்ணா, வேண்டாங்கண்ணா! அந்தக் கழுகு!"

"அரே ரே ரே! யே க்யா கர் ரஹே ஹோ!"

"ஹமாரா சாமான் ஹே அங்கிள்" என்றான் அண்ணன், தலை நிமிராமல். எங்கள் சாமான்தானே, யார் என்ன சொல்ல முடியும்? தேய்த்தான். அப்பா சொல்லிக் கொடுத்த மாதிரியே, கட்டைவிரலை அழுத்தி, ஒரே போக்கில் தேய்த்தான். துணி கறுத்தது. துணியை மாற்றிப் பிடித்துக்கொண்டு மறுபடி தேய்த்தான். கழுகுக்குப் பக்கத்தில் முதலில் ஒரு காசு அளவுக்கு நீலம் வெளுத்தது. பிறகு இரண்டு விரல் அளவுக்கு. அறுபது வயதை நெருங்குகிற மனிதன், நெற்றியில் வியர்வை வழிய, கண்ணில் தண்ணீர் வழிய, நடுக்கடையில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தான். நானும் அழுதேன். சிரிப்பும் வந்தது. இரண்டையும் சேர்த்தே செய்தேன்.

கோயம்புத்தூர்க்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "போச்சுங்க" என்றார். "இனி எந்தக் கொல்கத்தாக்காரரும் தொட மாட்டாருங்க."

"பேரீச்சம்பழந்தானே?" என்று அண்ணன் கேட்டான்.

"பேரீச்சம்பழந்தானுங்க."

"அப்ப ஆட்சேபண இல்லன்னு எங்க கையெழுத்துப் போடணும்னு அங்கிள்ட்ட கேளுட்டி" என்றான் என்னிடம். துணியைக் கீழே வைத்துவிட்டு, துப்பாக்கியின் இடது பக்கத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பிறகு என் பக்கம் நீட்டினான்.

"மொகம் தெரியுதாட்டி?"

குனிந்து பார்த்தேன்.

"இல்லண்ணே. இன்னும் தேய்."